தோற்ற மண் - 6: ‘நல்ல எஜமானர்’ வீட்டுக் கடிதங்கள்

கசையும் விலங்குமாகப் பண்ணை நடத்தியவர்களைச் சென்ற வாரங்களில் பார்த்தோம். அவர்களைப் புரிந்துகொள்வது எளிது; வெறுத்துவிட்டு நகர்ந்துவிடலாம். இந்த வாரம் வருபவரை அப்படி நகர்த்திவிட முடியாது. தன் அடிமைகளின் ஆன்மா கடைத்தேற வேண்டுமென்று வாழ்நாளைச் செலவழித்த பாதிரியார் அவர். 129 மனிதர்களுக்குச் சொந்தக்காரரும் அவரே.

பெயர் சார்லஸ் கால்காக் ஜோன்ஸ். பிறப்பு 1804. ஜார்ஜியா மாநிலத்தில், சவன்னா நகரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டிய லிபர்ட்டி கவுண்ட்டியில் மாண்டிவிடியோ, ஆர்கேடியா, மேபேங்க் என்று மூன்று பண்ணைகள் அவருக்கு. சதுப்பில் நெல், மேட்டில் நீளிழைப் பருத்தி. கோடையில் மலேரியாவுக்குப் பயந்து கடற்காற்று வீசும் மேபேங்குக்குக் குடும்பம் இடம்பெயரும். பனிக்காலத்தில் மாண்டிவிடியோவுக்குத் திரும்பும். சதுப்பில் இறங்கியவர்களுக்கு இந்த வசதி இல்லை.

இளமையில் வடக்கே இறையியல் படிக்கப் போன ஜோன்ஸ், அங்கிருந்து தனக்கு நிச்சயிக்கப்பட்ட மேரிக்கு எழுதிய கடிதங்களில் அடிமைமுறை கடவுளின் சட்டத்துக்கே விரோதம் என்று குமுறியிருக்கிறார். படிப்பு முடிந்தது, ஊர் திரும்பினார், 1830இல் மேரியை மணந்தார். குமுறல் வடிவம் மாறியது. அடிமைமுறையை ஒழிப்பதற்குப் பதில் அடிமைகளுக்கு வேதம் சொல்லித்தருவது என்று தன் மனசாட்சியோடு சமரசம் செய்துகொண்டார். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது ஜார்ஜியாவில் குற்றம். ஆகவே புத்தகமில்லாமல், வாயால் சொல்லி மனப்பாடம் செய்விக்கும் ஒரு வினா-விடை உபதேச நூலை எழுதி 1837இல் வெளியிட்டார். தெற்கு முழுவதும் அவர் புகழ் பரவியது.

கேட்டவர்கள் என்ன நினைத்தார்கள்? 1833இல் நடந்த ஒன்றை ஜோன்ஸே தன் அறிக்கை ஒன்றில் பதிவு செய்திருக்கிறார். அன்று பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தின் மீது பிரசங்கம். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைப் பவுல் எஜமானிடமே திருப்பி அனுப்பிய கதை. ஓடிப்போவது பாவம் என்று பாதிரியார் விளக்க ஆரம்பித்ததும் சபையில் பாதிப்பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். இருந்தவர்களிலும் சிலர், அப்படியொரு நிருபம் வேதத்தில் இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னார்கள். இதை அவர் மறைக்காமல் எழுதியதைப் பாராட்டத்தான் வேண்டும். எழுதினாரே தவிர, அந்தக் காலியான பெஞ்சுகள் என்ன சொல்கின்றன என்பதை அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து அந்தப் பிரசங்கம் வீட்டுக்கே வந்தது. 1856இல் ஃபீபி என்ற அடிமைப் பெண்ணின் மகள் ஜேன் சவன்னாவுக்கு ஓடிப்போய், வேறு பெயரில் வேலை பார்த்தாள். பிடித்தார்கள். ஜேனை மட்டுமல்ல, தாய் ஃபீபியையும் ஃபீபியின் கணவர் கேசியஸையும் பிள்ளைகளையும் சேர்த்தே விற்றுவிட ஜோன்ஸ் முடிவெடுத்தார். தாயையும் பிள்ளைகளையும் பிரிக்கக்கூடாது, வியாபாரிக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனைகள் போட்டார். வாங்கியவன் தன் சொந்தப் பண்ணைக்கு என்று சொன்னான். அவர்கள் போய்ச் சேர்ந்ததோ நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்கு. அங்கிருந்து 1857இல் ஃபீபியும் கேசியஸும் யாரையோ பிடித்து ஊருக்கு ஒரு கடிதம் எழுதவைத்தார்கள். ஜோன்ஸ் குடும்பத்தின் கடிதங்கள் ஆயிரத்துக்கும் மேல் தொகுக்கப்பட்டு 1972இல் பெரிய புத்தகமாக வந்தன. பிள்ளைகள் படிப்பு, பிரசவம், காய்ச்சல், பருத்தி விலை, பிரசங்கம் எல்லாம் அவற்றில் உண்டு. நான் அந்தக் குடும்பத்தை அறிவது ஃபீபி அனுப்பிய அந்த ஒற்றைக் கடிதத்தை வைத்துத்தான்.

வடக்குக்கும் தெற்குக்குமான உள்நாட்டுப் போர் வந்தபோது குடும்பம் உச்சத்தில் இருந்தது. மூத்த மகன் சார்லஸ் சவன்னாவின் மேயர். இளைய மகன் ஜோசப் மருத்துவ ஆராய்ச்சியாளர். மகள் மேரி ஷார்ப்புக்குக் கணவர் ராபர்ட் மல்லார்ட், அவரும் பாதிரியார். 1861 கோடையில் சார்லஸின் மனைவியும் ஒரு சிறுமகளும் அடுத்தடுத்து நோயில் போனார்கள். அந்தத் துக்கத்தோடேயே அவர் பீரங்கிப் படையில் சேர்ந்தார்.

1862 ஏப்ரலில் சவன்னா வாசலிலிருந்த புலாஸ்கி கோட்டை வடக்குப் படை வசமானது. கடலில் அவர்களுடைய கப்பல்கள். லிபர்ட்டி கவுண்ட்டி அடிமைகள் இரவோடு இரவாகப் படகேறி அந்தக் கப்பல்களை நோக்கிப் போனார்கள். பின்னாளில் தன் போர் நினைவுகளை நூலாக எழுதிய சூசி கிங் டெய்லர் அந்த மாவட்டத்தில் பிறந்தவர். அந்த ஏப்ரலில்தான், பதின்மூன்று வயதில், அவர் தப்பினார். அந்தக் கோடையில் நம் பாதிரியார் மகனுக்கு எழுதிய கடிதத்தில் தொனியே வேறு. ஓடுகிறவர்கள் துரோகிகள், ஒவ்வொரு சாலையும் ஓடையும் பண்ணையும் தெரிந்த மோசமான ஒற்றர்கள், எதிரியை நம் படுக்கையறைக்கே கூட்டிவரக்கூடியவர்கள் என்று அஞ்சுகிறார். முப்பது வருடமாக வேதம் படித்துக்கொடுத்த அதே ஆட்கள். நெடுநாள் தசைநோயால் நலிந்திருந்த ஜோன்ஸ் 1863 மார்ச்சில் இறந்தார். தோல்வியைப் பார்க்கவில்லை.

அதைப் பார்த்தவர் மேரி. 1864 டிசம்பரில் வடக்குத் தளபதி ஷெர்மனின் படை சவன்னாவைச் சுற்றி வளைத்தது. அதைச் சேர்ந்த கில்பாட்ரிக்கின் குதிரைப்படை லிபர்ட்டி கவுண்ட்டியின் மிட்வே தேவாலயத்தில் முகாமிட்டது. மருமகன் மல்லார்ட் பிடிபட்டார். மாண்டிவிடியோ வீட்டில் நிறைமாத மகள், பேரப்பிள்ளைகள், விதவை மேரி. சிப்பாய்கள் வந்தார்கள், போனார்கள், மறுபடி வந்தார்கள். இறைச்சி, தானியம், கோழி, குதிரை, வண்டி எதையும் விடவில்லை. அந்தக் கலவரத்தின் நடுவே 1865 ஜனவரி 4 அன்று மேரி ஷார்ப் கடும் வேதனைக்குப் பிறகு ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். தாயும் மகளும் எழுதிவைத்த நாட்குறிப்புகளைப் படிக்கும்போது பரிதாபம் வராமல் இருக்காது. அதை மறைக்க வேண்டியதும் இல்லை. அந்தப் பெண்களின் துணிச்சல் உண்மையானது. சிப்பாய்கள் அடிமைக் குடிசைகளையும் கொள்ளையடித்தார்கள் என்பதும் மேரியின் குறிப்புகளில் உண்டு.

விடுதலைக்குப் பிறகு மேரி பண்ணையை விடாமல் நடத்திப்பார்த்தார். கூலிக்கு ஒப்பந்தம் போட்டு வேலை என்பது புது ஏற்பாடு. 1866இல் மாண்டிவிடியோ ஆட்கள் ஒப்பந்தத்தில் ஏமாற்று இருக்கிறது என்று சந்தேகப்பட்டு வேலையை நிறுத்தி, விடுதலை பெற்றவர்களுக்கான அரசு அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே மேரி சொன்னதே சரி என்றாயிற்று. ஆனாலும் அவர் நொறுங்கிப்போனார். என் சொல்லைச் சந்தேகித்ததைவிடப் பெரிய அவமானம் எனக்கு நேர்ந்ததில்லை, இதுவரை உங்களை நண்பர்களாக நினைத்தேன், இனி நமக்கிடையே சட்டம்தான் என்று அவர்களிடம் சொன்னதாக எழுதுகிறார். நட்பு! ஃபீபி குடும்பத்தை விற்ற வீட்டம்மா சொல்கிறார். பொய்யாகச் சொல்லவில்லை என்பதுதான் இங்கே விஷயம். அவர் அதை முழு மனதோடு நம்பினார். கொடியவன் தன் அடிமை தன்னை வெறுப்பான் என்று தெரிந்துவைத்திருந்தான். நல்லவர்களுக்கு மட்டுமே அது அதிர்ச்சியாக இருந்தது.

பண்ணை லாபம் தரவில்லை. 1868 ஜனவரியில் மேரி மாண்டிவிடியோவை விட்டுப் புறப்பட்டார். போன ஊர் நியூ ஆர்லியன்ஸ். மருமகன் மல்லார்ட் அங்கே ஒரு சபையின் போதகராகியிருந்தார். பத்து வருடம் முன்பு ஃபீபி இறக்கப்பட்ட அதே நகரம். 1869 ஏப்ரலில் மேரி அங்கேயே இறந்தார்.

பிள்ளைகள் நிமிர்ந்துவிட்டார்கள். சார்லஸ் நியூயார்க்குக்குப் போய் வழக்கறிஞராகச் சம்பாதித்து, 1877இல் ஜார்ஜியா திரும்பி, மாநில வரலாறு எழுதினார். 1888இல் கடலோரக் கறுப்பர்களின் கதைகளை அவர்கள் பேச்சுமொழியிலேயே தொகுத்து வெளியிட்டார். ஜோசப் நியூ ஆர்லியன்ஸில் மருத்துவப் பேராசிரியர் ஆனார். படித்தவனுக்கு நிலம் போனாலும் பிழைப்பு உண்டு. படிக்கவே கூடாதென்று சட்டம் போட்டு வைத்திருந்தவர்களுக்கு?

அவர்களும் சும்மா இருக்கவில்லை. அந்தக் கடலோரத்தில் வயலில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கால் ஏக்கர் போல வேலை அளந்துவிடுவார்கள். முடித்தால் மிச்ச நேரம் அவர்களுடையது. அந்த நேரத்தில் பன்றி, மாடு, வாத்து வளர்த்து, சொந்தமாக நெல்லும் விளைவித்துச் சேர்த்திருந்தார்கள். கில்பாட்ரிக்கின் சிப்பாய்கள் அள்ளிப்போனதில் அதுவும் சேர்த்தி. 1871இல் தெற்கத்திய இழப்பீட்டு ஆணையம் அமைந்ததும் லிபர்ட்டி கவுண்ட்டியின் முன்னாள் அடிமைகள் வரிசையாகப் போய், இத்தனை பன்றி, இத்தனை மரக்கால் நெல் என்று கணக்குச் சொல்லி அரசிடம் பணம் கேட்டார்கள். ஒருவருக்கொருவர் சாட்சி சொன்னார்கள். பலருக்குக் கேட்டதில் ஒரு பங்குதான் கிடைத்தது.

அடுத்த வாரம் மிசிசிப்பிக்குப் போவோம். தெற்கின் ஜனாதிபதி ஜெஃபர்சன் டேவிஸின் அண்ணன் 1866இல் தன் பண்ணைகளை மூன்று லட்சம் டாலருக்கு விலைபேசி விற்றார். வாங்கியவர் பெஞ்சமின் மாண்ட்கோமரி, அதே பண்ணையில் அடிமையாக இருந்தவர்.

(தொடரும்)