ஹிந்த்மோட்டார்: கார் போன பிறகு நிலம் யாருக்கு?

ஹவுராவிலிருந்து பர்த்தமான் போகும் மெயின் லைன் லோக்கலில் ஏறினால், பாலி, உத்தர்பாரா தாண்டியதும் ஹிந்த்மோட்டார் ஸ்டேஷன் வரும். ஊரின் பெயரைத் தொழிற்சாலை வைத்துக்கொள்வதுதான் வழக்கம். இங்கே தொழிற்சாலையின் பெயரை ஊர் வைத்துக்கொண்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அம்பாசிடர் கார் பிறந்த இடம் இதுதான். 2014-க்குப் பிறகு இங்கிருந்து ஒரு அம்பாசிடரும் வெளியே வரவில்லை. அந்த ஷெட்டுகளும் நிலமும் இனி என்ன ஆகும் என்பதை இங்குள்ள நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

வளர்ந்த கதை

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியை பி.எம். பிர்லா 1942-இல் குஜராத்தின் ஓக்கா துறைமுகத்தில் தொடங்கினார். 1948-இல் அது உத்தர்பாராவுக்கு வந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு 1950-களின் கடைசியில் அம்பாசிடர் வந்தது.

பாகங்களை வெளியே வாங்கி மாட்டி அனுப்புகிற இடமல்ல இது. இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரி, பழுக்கக் காய்ச்சி அடிக்கும் ஃபோர்ஜ், தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் ஷாப், இன்ஜின் பாகங்களைக் கடையும் மெஷின் ஷாப், கடைசியில் அசெம்பிளி என எல்லாமே ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. சப்ளையர்கள் அதிகம் இல்லாத காலத்தில் அதுதான் பலம். பின்னால் அதுவே பாரமாகவும் ஆனது. வண்டி விற்றாலும் விற்காவிட்டாலும் அத்தனை ஷாப்புக்கும் செலவு உண்டு அல்லவா?

ஏன் நின்றது?

1983 கடைசியில் மாருதி வந்தது. ஆனாலும் எண்பதுகளின் நடுவில் வருஷத்துக்கு 24,000 வண்டிகளுக்கு மேல் அம்பாசிடர் விற்றது. 1991-க்குப் பிறகு போட்டி பெருகியது. சர்க்கார் ஆபீஸும் டாக்ஸிக்காரர்களும்தான் மிச்சம் இருந்த வாடிக்கை. 2010-இல் பெரிய நகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி வந்தபோது பழைய இன்ஜின் தேறவில்லை. புது இன்ஜின் போட்ட வண்டி வருவதற்குள் காலம் கடந்துவிட்டது. 2013-14-இல் விற்பனை 2,200 அளவுக்கு இறங்கியது. 2014 மே 24 அன்று வேலை நிறுத்திவைப்பு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. அப்போது சுமார் 2,500 பேர் வேலையில் இருந்தார்கள். 2017-இல் அம்பாசிடர் என்ற பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பிரான்சின் பெஜோ கம்பெனிக்குப் போனது. பெயருக்கு விலை கிடைத்தது; அதைச் சம்பாதித்துக் கொடுத்தவர்களோ நிலுவைப் பணத்துக்கு அலைய வேண்டியதாயிற்று.

நிலம் யாருடையது?

ஆலை மூடினால் முதலாளி நிலத்தை விற்றுக்கொள்வார் என்று நாம் நினைப்போம். வங்காளத்தில் அது அவ்வளவு சுலபம் இல்லை. 1953-இல் ஜமீன்தாரி முறையை ஒழிக்க எஸ்டேட் கையகச் சட்டம் வந்தது. ஆலைகளும் தேயிலைத் தோட்டங்களும் தங்களுக்குத் தேவையான அளவு நிலத்தை வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு தேவை என்பதை அரசு முடிவு செய்யும் என்றது அந்தச் சட்டம். அதாவது, தொழில் நடப்பதை வைத்துத்தான் அந்த நிலத்தின் மேல் உரிமை.

தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்தபோதே, 2000-களில், உபரி என்று 314 ஏக்கர் அரசின் அனுமதியோடு விற்கப்பட்டது. ஆலைக்குப் புத்துயிர் கொடுக்கப் பணம் வேண்டும் என்பது அப்போது சொன்ன காரணம். ஆலை பிழைக்கவில்லை, விற்ற நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. மீதியில் சுமார் 395 ஏக்கர் சும்மா கிடக்கிறது என்று 2022-இல் மாநில அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. கம்பெனி வழக்குப் போட்டது. 2025 மே மாதம் கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச், அரசு செய்தது செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது.

மற்ற ஊர்கள் சொல்லும் பாடம்

நம் சென்னையில் பெரம்பூர் பின்னி மில் 1996-இல் மூடப்பட்டது. இன்று அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள். மும்பை மில் நிலங்களுக்கு 1991-இல் ஒரு நல்ல விதி வந்தது: மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு. 2001-இல் அந்தப் பங்கீடு கட்டடம் இல்லாத காலி இடத்துக்கு மட்டும் என்று மாற்றினார்கள். மில் என்றால் பெரும்பகுதி கட்டடம்தானே! பொதுமக்கள் பங்கு சுருங்கிப்போனது. ஒரே ஒரு வரி மாற்றம் என்ன செய்யும் பாருங்கள்.

அம்பாசிடரின் தாய்வீடான ஆக்ஸ்ஃபோர்டு கௌலியில் வேறு மாதிரி நடந்தது. பழைய மோரிஸ் தொழிற்சாலையின் பெரும்பகுதியை இடித்து அலுவலகப் பூங்கா ஆக்கினார்கள். ஆனால் அருகிலிருந்த பாடி தயாரிக்கும் பகுதியை விட்டுவைத்தார்கள். அங்கே 2001 முதல் மினி கார் தயாராகிறது. கொஞ்சம் போனது, கொஞ்சம் நின்றது. ஊரில் வேலையும் நின்றது.

எது மிஞ்ச வேண்டும்?

உத்தர்பாராவிலும் அதற்கு வழி இருக்கிறது. பக்கத்திலேயே டிட்டாகர் கம்பெனி மெட்ரோ ரயில் பெட்டிகள் செய்கிறது. புணே மெட்ரோவுக்குப் பெட்டிகள் இங்கிருந்து போயிருக்கின்றன. நிலம் தொழிலுக்கே போனால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும். முழுக்கக் குடியிருப்பு ஆனால் ஒரு தடவை விற்பனை, அத்தோடு சரி. வளாகத்தின் நீர்நிலைகளைத் தூர்த்தால் மழைத் தண்ணீர் அக்கம்பக்கத்து வீடுகளுக்குத்தான் போகும்.

எல்லா ஷெட்டையும் காப்பாற்ற முடியாது. ஒரு பிரஸ் ஷாப்பையாவது இயந்திரத்தோடு நிறுத்திவைக்கலாம். அங்கே வேலை செய்தவர்கள் இருக்கும்போதே அவர்கள் வாயால் அந்த வேலையைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு அதிக காலம் இல்லை. கொல்கத்தாவில் டாக்ஸிகளுக்கு 15 வருஷம்தான் ஆயுள். இந்த விதி மாறாவிட்டால், 2014-இல் வந்த கடைசி மஞ்சள் அம்பாசிடர்களும் 2029-க்குள் தெருவை விட்டுப் போய்விடும். ஹவுரா ஸ்டேஷனில் இறங்கியதும் மூட்டை முடிச்சோடு அந்த மஞ்சள் வண்டியில் ஏறித்தானே நம் குடும்பங்களில் பாதி இந்த ஊருக்குள் வந்தன? அதைச் செய்த கைகளுக்கு நிலுவையைத் தீர்ப்பது முதல் மரியாதை. நினைவுச்சின்னம் அதற்கு அடுத்ததுதான்.