கூரைக்குள் ஒரு மின்கலம்

மாடிக் குளியலறைக்கு நேர் கீழே உள்ள அறையில், கூரையிலிருந்து தாம்பாளம் அளவுக்கு ஒரு பாளம் பெயர்ந்து விழுகிறது. அண்ணாந்து பார்த்தால் செம்பழுப்பாகக் கம்பி தெரிகிறது. கொத்தனார் வந்தால் “பூசிடலாம் சார்” என்பார். பொறியாளர் வந்தால் லட்சத்தில் பேசுவார். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடற்காற்று படும் ஊர்களில் வயதான கான்கிரீட் வீடு வைத்திருக்கும் பலருக்கு இது தெரிந்த காட்சிதான். வீட்டுக்காரருக்குத் திடீர்ச் செலவு. கூரைக்குள்ளோ, அது பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்த வேலை.

உண்மையில் வியக்க வேண்டியது, அந்தக் கம்பி இத்தனை காலம் துருப்பிடிக்காமல் இருந்ததைத்தான். மண்ணில் ஆக்சிஜனோடு சேர்ந்து தாதுவாகக் கிடந்த இரும்பை உலையில் காய்ச்சிப் பிரித்தெடுக்கிறோம். ஈரமும் காற்றும் கிடைத்தால் அது மறுபடி ஆக்சிஜனோடு சேர்ந்துகொள்ளும். கான்கிரீட்டையோ தண்ணீர் விட்டுத்தான் கலக்கிறோம். ஈரச் சேற்றுக்குள் கம்பியைப் புதைத்துவிட்டு அது துருப்பிடிக்காது என்று நம்புவது எப்படி?

காப்பாற்றுவது சிமென்ட்டின் காரத்தன்மை. சிமென்ட் தண்ணீரோடு வினைபுரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு உண்டாகிறது. கான்கிரீட்டின் நுண்துளைகளில் தங்கும் நீரின் பி.எச். அளவு 13-ஐ நெருங்குகிறது. இவ்வளவு காரத்தில் இரும்பின் மேல் ஓர் ஆக்சைடு படலம் படிந்து, உள்ளே இருப்பதை மூடிவிடுகிறது. படலத்தின் தடிமன் சில நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். மாடி வீடுகளின் ஆயுள் அதை நம்பி இருக்கிறது. 1867-இல் இரும்புக் கம்பி வைத்த சிமென்ட் பூந்தொட்டிக்குக் காப்புரிமை வாங்கிய பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஜோசப் மோனியேவுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. இரும்பும் கான்கிரீட்டும் வெயிலில் ஏறக்குறைய ஒரே அளவில் விரிகின்றன என்பது அவருக்கு வாய்த்த இன்னொரு அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றை ஒன்று பிய்த்துக்கொண்டிருக்கும்.

அந்தப் படலத்துக்கு எதிரிகள் இருவர். முதலாவது, காற்றில் இருக்கும் கரியமில வாயு. அது கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கி, சுண்ணாம்பைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. பி.எச். 9-க்கும் கீழே போனால் படலம் நிற்காது. பழைய மெட்ராஸ் டெரஸ் கூரைகளின் சுண்ணாம்புக் காரையை இறுக வைத்ததும் இதே வாயு, இதே வினைதான். அந்தக் கூரைகளைத் தாங்கியது தேக்குச் சட்டம் என்பதால் சுண்ணாம்பு மாறியதில் கெடுதல் ஒன்றுமில்லை. கம்பி வந்த பிறகுதான் நல்லது கெட்டதாயிற்று.

வாயு இறங்கும் வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு மடங்கு ஆழம் போக நான்கு மடங்கு காலம் பிடிக்கும். இதை வீட்டுக்காரர் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டர் கான்கிரீட் இருந்து, வாயு அதைக் கடக்க 40 ஆண்டு ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அது 10 மில்லிமீட்டராகக் குறைந்தால் 10 ஆண்டுதான். கம்பியை மூடும் இந்தக் கான்கிரீட்டைக் கட்டடத் தொழிலில் ‘கவர்’ என்பார்கள். அதற்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் சின்னக் கட்டிதான் ‘கவர் பிளாக்’. கட்டியை வைக்காமல் ஜல்லித் துண்டைச் செருகுவதும், கான்கிரீட் போடும் அன்று கம்பியின் மேலேயே நடந்து அதைப் பலகையோடு பலகையாக அழுத்துவதும் நம் ஊரில் சாதாரணம். சில ரூபாய்க் கட்டி அது. மிச்சம் பிடிக்க இதைவிட மோசமான இடம் கட்டடத்தில் கிடையாது.

இரண்டாவது எதிரி உப்பு. உப்பில் உள்ள குளோரைடு காரத்தைக் குறைக்காது. படலத்தை அங்கங்கே பொத்தலிடும். அந்த வேலையில் அது தீர்ந்தும் போகாது. கடற்காற்றில் வரும், கழுவாத கடல் மணலில் வரும், உவர்ப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரில் வரும். கம்பி வைத்த கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்திய விதி.

படலம் போன பிறகும் ஈரமும் ஆக்சிஜனும் வேண்டும். அறைக்குள் எப்போதும் காய்ந்திருக்கும் கூரை அதிகம் துருப்பிடிக்காது. நனைவதும் உலர்வதுமாக இருக்கும் இடங்கள்தான் முதலில் போகும்: குளியலறைக்கு அடி, சன்ஷேடு, பால்கனியின் கீழ்ப்பக்கம். அங்கே ஒரே கம்பியின் ஓரிடம் எதிர்மின்வாயாகவும் இன்னோரிடம் நேர்மின்வாயாகவும் ஆகி, கூரைக்குள் ஒரு மின்கலம் ஓட ஆரம்பிக்கிறது. நேர்மின்வாயில் இரும்பு கரைகிறது. உண்டாகும் துரு, கரைந்த இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் அழுத்தினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது. அந்த இழுவையை ஏற்பதற்கென்று வைத்த கம்பியே இப்போது உள்ளிருந்து வீங்கி அதைப் பிளக்கிறது.

“பூசிடலாம் சார்” ஏன் ஆபத்து என்பதற்கு வருவோம். கரைந்துகொண்டிருந்த அந்த ஓரிடம், பக்கத்துக் கம்பிகளைத் தன்னையறியாமல் காத்துக்கொண்டிருந்தது. அது நேர்மின்வாயாக இருந்தவரை அவை எதிர்மின்வாயாக நின்று தப்பித்தன. அங்கே புதுச் சிமென்ட்டை அப்பினால் புதுக் காரத்தில் அந்த இடம் தேறிவிடும். பூச்சின் விளிம்புக்கு வெளியே, பழைய உப்புக் கான்கிரீட்டில் இருக்கும் கம்பிக்குப் பாதுகாப்பு போய்விடும். இனி கரைவது அதன் முறை. பூசிய இடம் அப்படியே இருக்க, அதைச் சுற்றி வளையமாகப் பெயர்வது இதனால்தான். சிலர் கொத்தனாரின் கைவேலையைக் குறை சொல்வார்கள். பாவம், அவர் நன்றாகப் பூசியதே காரணமாக இருக்கலாம்.

அதனால்தான் முறையான வேலை பெரிதாகிறது. முட்டுக் கொடுத்து, துரு முடிந்து நல்ல கம்பி தெரியும் வரை கொத்த வேண்டும். கம்பியின் பின்பக்கமும் விட முடியாது. துருவை உரித்து, இளைத்துப்போன கம்பிக்குத் துணைக்கம்பி சேர்த்து, காப்புப் பூச்சு கொடுக்க வேண்டும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இப்படிப்பட்ட கம்பிப் பூச்சுகளை உருவாக்கியிருக்கிறது. சிலர் ஓரத்தில் துத்தநாகத் துண்டுகளைக் கம்பியோடு கட்டிப் புதைக்கிறார்கள். இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் கரையும். நின்றுபோன மின்கலத்தை நமக்குச் சாதகமாகத் திரும்ப ஓட்டும் தந்திரம் இது.

எவ்வளவு தூரம் கொத்துவது? சுத்தியலால் தட்டினால் உள்ளே விட்டுப்போன இடம் பொள்ளலாக ஒலிக்கும். உடைத்த பரப்பில் ஃபீனால்ப்தலீன் தெளித்தால் காரம் இருக்கும் இடம் அடர் இளஞ்சிவப்பாகும். வாயு தின்ற இடம் நிறம் மாறாது. உப்பை இது காட்டாது, அதற்குத் தனிச் சோதனை. சதுர அடிக்கு இத்தனை என்று விலை சொல்பவரிடம், அந்தச் சதுர அடி எங்கே முடிகிறது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்கலாம். மேல்வீட்டுக் குளியலறைக் கசிவை முதலில் அடைக்கச் சொல்கிறாரா என்பதையும்.