ஆவாரையும் அவுரியும்: பழசாவதின் வேதியியல்

புதுத் துணியையும் புதுச் செருப்பையும் நாலு பேருக்குக் காட்டிப் பெருமைப்படுவதுதான் ஊர் வழக்கம். ஒரு கூட்டம் மட்டும் இதைத் தலைகீழாகச் செய்கிறது. மாதக்கணக்கில் தண்ணீரே காட்டாத ஜீன்ஸ், மூன்று முறை சோல் மாற்றிய பூட்ஸ், வெயிலில் கறுத்த பெல்ட் ஆகியவற்றைப் படம் பிடித்து, "வாங்கும்போது இப்படி, இப்போது இப்படி" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். நூறாண்டுக்கு முந்தைய சுரங்கத் தொழிலாளியும் ரயில்வே ஊழியரும் மரம் வெட்டியும் சிப்பாயும் அணிந்த உடைகள்தான் இவர்களுக்கு முன்மாதிரி. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வேர்விட்ட இந்தப் பித்து சென்னை, பெங்களூரு இளைஞர்களில் சிலரையும் பிடித்திருக்கிறது.

பித்துதான். ஆனால் அவர்கள் ரசிக்கும் நிறமாற்றத்துக்குப் பின்னால் நல்ல வேதியியல் இருக்கிறது. அதில் பாதி, பாலாற்றுப் படுகையில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாக அமைந்த தோல் நகரங்களுக்குப் பரம்பரைச் சொத்து. மறு பாதி திண்டிவனம் பக்கத்து அவுரி வயல்களில் விளைகிறது.

தோலிலிருந்து தொடங்குவோம். உரித்த தோலை அப்படியே விட்டால் ஈரத்தில் அழுகும், காய்ந்தால் விறைத்து வெடிக்கும். அதன் உடல் முழுக்க கொலாஜன் என்ற புரதம். மூன்று புரிகளை முறுக்கித் திரித்த கயிறு போல மூன்று புரத இழைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நிற்பதே கொலாஜன். இந்த மூவிழை அமைப்பை 1954இல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து அவர்கள் அந்த முடிவுக்கு வந்தார்கள். 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் சென்னை அடையாறில்தான் இருக்கிறது. ஷூவின் மூலக்கூறு ரகசியம் அவிழ்ந்தது நம் ஊரில்தான் என்று சொன்னால் மிகையில்லை.

இந்த இழைகளுக்கு இடையில் புகுந்து, அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து, கிருமிகளின் நொதிகள் எளிதில் கடிக்க முடியாதபடி செய்வதே பதனிடுதல். பதனிடாத தோலைச் சுமார் 60 டிகிரி வெந்நீரில் போட்டால் முறுக்கு அவிழ்ந்து சுருண்டுவிடும். எந்த வெப்பத்தில் சுருங்குகிறது என்பதை வைத்தே தோல் எவ்வளவு உறுதியாகப் பதப்பட்டிருக்கிறது என்று ஆய்வகங்கள் அளக்கின்றன.

வேலூர் வட்டாரத்தின் பழைய பிணைப்புப் பொருள் ஆவாரம்பட்டை. வறண்ட மேட்டில், ரோட்டோரத்தில், ஆடு மாடு வாய் வைக்காத இடத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் அதே ஆவாரை. அதன் பட்டையில் டேனின் என்ற துவர்ப்புப் பொருள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இருக்கிறது. வெற்றிலைப்பாக்கு மென்றால் நாக்கு வறண்டு இழுப்பது, இதே வகைப் பொருள் நம் எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான். வாயில் நடப்பது தொட்டியில் நடந்தால் பதனிடுதல். பட்டையை இடித்து ஊறவைத்த சாற்றில், முதலில் நீர்த்த தொட்டி, பிறகு அடர்ந்த தொட்டி என்று தோலை மாற்றி மாற்றி ஊறவைத்தார்கள். எடுத்த எடுப்பிலேயே அடர்ந்த சாற்றில் போட்டால் மேற்பரப்பு மட்டும் இறுகிக்கொண்டு, சாறு உள்ளே போகாது. தொட்டி தொட்டியாக ஏறி முடிக்க வாரங்கள் பிடிக்கும். கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் ஒரு முக்கு. ஆவாரம்பட்டைத் தோல் வெளிச்சத்தில் சிவந்துபோகும் என்பதால், அதைத் தடுத்து வெளிர் நிறம் தர இந்தக் கடுக்காய். பிறகு எண்ணெய் தடவி உலர்த்துவார்கள்.

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்பார்கள். செத்த மாட்டின் தோலுக்கே அது இன்னொரு ஆயுள் கொடுத்தது.

மதராஸ் மாகாணத்தின் இந்தத் தோலை லண்டன் சந்தை 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பெயரிட்டு வாங்கியது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேல்தோலுக்கு இந்தச் சரக்கை அரசே கொள்முதல் செய்தது. இன்று ரசிகர்கள் தேடித்தேடி வாங்கும் ராணுவ பாணி பூட்ஸின் முன்னோர்களில் நம் ஊர் மாடும் ஆவாரையும் இருக்கின்றன. பட்டைக்குத் தட்டுப்பாடு வந்தபோது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து வாட்டில் பட்டை கப்பலேறி வந்தது. அந்த மரத்தை நீலகிரியிலும் பழனி மலையிலும் நட்டார்கள். சோலையையும் புல்வெளியையும் விழுங்கிவரும் சீகை மரம் என்று இன்று வனத்துறை தலையில் கைவைப்பது அதைத்தான்.

இதற்கிடையில் போட்டிக்கு வந்தது குரோமியம். அமெரிக்காவில் 1884இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோமிய முறைக்குக் காப்புரிமை பெற்றார். சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த முறையைச் சோதித்தார். பல்லாவரம் அருகே எழுந்த குரோம் லெதர் கம்பெனிதான் குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்தது.

டேனின் பருத்த மூலக்கூறு. இழைகளுக்கு நடுவே நிரம்பி, ஹைட்ரஜன் பிணைப்புகளால் பல இடங்களில் லேசாகப் பற்றிக்கொள்கிறது. அதனால் தோல் கனமாகவும் கெட்டியாகவும் இருக்கும், தண்ணீரை உறிஞ்சும், அழுத்திய வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். குரோமியமோ சிறியது. கொலாஜனின் அமிலக் கிளைகளை நேராகப் பிடித்து இழைகளுக்கிடையே பாலம் போடுகிறது. தோலின் எடையில் சில சதவீதம் குரோமியமே போதும். டிரம்மில் சுழற்றினால் ஒரு நாளில் வேலை முடியும். வெளியே வருவது இளநீல நிறத் தோல், தொழிலில் அதற்கு வெட் ப்ளூ என்றே பெயர். நன்றாகப் பதப்பட்ட குரோம் தோலைக் கொதிக்கும் நீரில் போட்டாலும் சுருங்காது. பட்டைத் தோல் 75, 85 டிகிரியிலேயே சுருண்டுவிடும். மென்மை, சீரான நிறம், வேகம் என எல்லாவற்றிலும் குரோமியம் ஜெயித்தது. 1970களில் அரசு கச்சாத் தோல் ஏற்றுமதிக்குத் தடை போட்டு, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியையும் கட்டுப்படுத்தியது. முழுமை பெற்ற தோலும் ஷூவும் தயாரிக்க வேண்டிய கட்டாயம் வந்தது. ஆம்பூரில் பஸ் பிடித்து ஷூ கம்பெனிக்குப் போகும் ஆயிரக்கணக்கான பெண்களின் காலை அந்த மாற்றத்தின் பலன்.

குரோம் தோல் ஜெயித்தது சந்தையில். பழசாகும் பந்தயத்தில் வெல்வது பட்டைத் தோல். காரணம், அதன் வேதிவினை தொட்டியோடு முடிவதில்லை. டேனின் பாலிஃபீனால் குடும்பத்தைச் சேர்ந்தது. வெட்டிவைத்த வாழைக்காய் கறுப்பதும் பாலிஃபீனால் காற்றோடு சேர்வதால்தான். பட்டைத் தோலில் இது வெயிலின் உதவியோடு வருடக்கணக்கில் மெல்ல நடக்கிறது. இளம் பழுப்பாக வாங்கிய பெல்ட் தேன் நிறமாகி, பிறகு காப்பி நிறமாகிறது. கைபடும் இடத்தில் எண்ணெயும் வியர்வையும் ஏறி முதலில் கறுக்கும். மடியும் இடத்தில் தோலுக்குள் இருக்கும் மெழுகும் எண்ணெயும் விலகி வெளுக்கும், விரலால் தேய்த்தால் திரும்பும். சில பூட்ஸில் பழுப்புத் தோலின் மேல் கறுப்பு பூசியிருப்பார்கள். நுனியிலும் குதிகாலிலும் கறுப்பு தேய்ந்து உள்ளிருக்கும் பழுப்பு எட்டிப்பார்ப்பதற்காகவே ரசிகர்கள் காத்திருப்பார்கள். சாதாரண குரோம் தோலில் நிறம் சாயத்திலும் மேற்பூச்சிலும் இருக்கிறது. பூச்சு உரிந்தால் அது வெறும் சேதம்.

ஜீன்ஸின் கதையும் இதற்கு ஒன்றுவிட்ட தம்பிதான். ஆவாரையும் அவுரியும் வாட்டிலும் தாவரவியலில் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவுரி இலையில் நீலம் இல்லை. நிறமற்ற இண்டிகன் என்ற பொருள்தான் இருக்கிறது. தொட்டி நீரில் ஊறி நொதிக்கும்போது அது பிரிகிறது. பிறகு தண்ணீரைக் கலக்கிக் காற்றேற்ற வேண்டும். ஆட்கள் தொட்டிக்குள் இறங்கிக் காலால் உதைத்துக் கலக்கக் கலக்க, பச்சை நீர் நீலமாக மாறி, அடியில் நீலச் சேறு படியும். 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் இந்திய அவுரி சாகுபடி சரிந்தது. இன்றைய ஜீன்ஸ் அநேகமாக எல்லாமே செயற்கை நீலம். மூலக்கூறு மட்டும் அதேதான்.

நீலம் தண்ணீரில் கரையாது. சாயத் தொட்டியில் ஆக்சிஜன் ஒடுக்கியும் காரமும் சேர்த்தால் மஞ்சள் கலந்த பச்சையாகக் கரையும். பருத்தி நூலை முக்கி வெளியே தூக்கினால் காற்றுப் பட்டு நீலமாகி நூலிலேயே தங்கிவிடும். முக்கித் தூக்குவதைப் பல முறை செய்தாலும் சாயம் நூலின் வெளிவட்டத்தில்தான் நிற்கிறது, உள்நடு வெள்ளையாகவே இருக்கிறது. பருத்தியோடு வலுவான வேதிப் பிணைப்பும் கிடையாது. சாயக்காரருக்கு இது குறை. ரசிகருக்கு இதுதான் உயிர். முட்டி, பர்ஸ் வைக்கும் பின்பை, முழங்காலின் பின்புற மடிப்பு என்று உராயும் இடமெல்லாம் நீலம் உதிர்ந்து வெள்ளை தெரிகிறது. நெய்த பிறகு துவைக்காத கச்சா டெனிமில் கஞ்சி இருப்பதால் மடிப்பு ஒரே இடத்தில் விழுகிறது. கோடும் கூர்மையாக வருகிறது. முதல் மாதங்களில் துவைக்காதே என்ற விதியின் ரகசியம் அவ்வளவுதான். ஆனால் அந்த விதி குளிர்நாட்டில் பிறந்தது. வேலூர் வெயிலில் ஆறு மாதம் துவைக்காமல் போடுவது பக்கத்தில் நிற்பவருக்குச் செய்யும் அநீதி. வியர்வையும் கிருமியும் நூலையும் கெடுக்கும். உள்புறம் வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் அலசினால் நீலம் அதிகம் போகாது.

பூட்ஸுக்கு வருவோம். நல்ல பூட்ஸ் ஒன்றைக் குறுக்கே அறுத்தால் இரண்டு வேதியியலும் ஒரே செருப்பில் குடியிருப்பது தெரியும். பாதத்தின் கீழே இருக்கும் இன்சோல் பட்டைத் தோல், ஏனென்றால் அது வியர்வையை உறிஞ்சி, பாதத்தின் அச்சை வாங்கிக்கொள்ளும். மேல்தோல் பெரும்பாலும் குரோம், அல்லது குரோமேற்றிப் பிறகு பட்டைச் சாற்றில் மறுபடி பதனிட்ட கலப்புத் தோல். இந்தக் கலப்பில் ஒரு கூடுதல் லாபமும் உண்டு. தோலில் இருக்க வேண்டியது மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலைக் குரோமியம், அதாவது குரோமியம்-3. சில எண்ணெய்களும் வெப்பமும் வெளிச்சமும் சேர்ந்து அதில் சிறிதளவை நச்சுத்தன்மையுள்ள குரோமியம்-6 ஆக மாற்றிவிடலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் தோல் பொருள்களில் இதற்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. பட்டை டேனின் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதால் அந்த மாற்றத்தையும் அடக்குகிறது.

மேல்தோலையும் இன்சோலையும் வெல்ட் என்ற தோல் நாடாவோடு சேர்த்துத் தைத்து, அந்த நாடாவோடு சோலைத் தனியாகத் தைப்பது குட்இயர் வெல்ட் முறை. சோல் தேய்ந்தால் கீழ்த் தையலைப் பிரித்துப் புதுச் சோல் போடலாம். மேல்தோலைத் தொட வேண்டியதில்லை. பசையால் ஒட்டிய ஷூவில் சோல் போனால் பெரும்பாலும் ஷூவே போச்சு.

இந்த அழகுக்கு விலை கொடுத்தது பாலாறு. கச்சாத் தோல் கெடாமலிருக்க அதன் எடையில் சுமார் 40 சதவீதம் உப்பு போடுகிறார்கள். அதைக் கழுவி, சுண்ணாம்பில் ஊறவைத்து, பதனிட்டு முடிக்கும்போது ஒரு கிலோ தோலுக்கு 30, 40 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. அந்தக் கழிவு பல ஆண்டுகள் மண்ணிலும் கிணற்றிலும் இறங்கியது. வேலூர் மக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று கொடுத்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. ஆனாலும் 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது.

பட்டைத் தோல் வாங்கினால் பாவம் தீரும் என்று சில விளம்பரங்கள் சொல்வதை நம்ப வேண்டாம். உப்பும் சுண்ணாம்பும் இரண்டு முறைக்கும் பொது. பட்டைச் சாற்றுக் கழிவைக் கிருமிகள் சிதைப்பதும் எளிதல்ல. பாலாற்றுக்கு உண்மையில் உதவுவது, வெளியேறும் நீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஆலையும், தண்ணீர் இல்லாமலே குரோமேற்ற அடையாறு நிறுவனம் கண்டுபிடித்த முறை போன்றவையும், வாங்கிய பொருளை நீண்ட நாள் போடும் வாடிக்கையாளரும்தான். பத்து வருடம் உழைக்கும் ஒரு ஜோடி, இரண்டு வருடத்தில் குப்பைக்குப் போகும் ஐந்து ஜோடிக்குப் பதிலாக நின்று, நாலு ஜோடியின் உப்பை மிச்சப்படுத்துகிறது. அந்த வகையில் பழைய பூட்ஸைப் படம் பிடித்துக் காட்டும் பித்தர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆம்பூர் நெடுஞ்சாலைக் கடைகளில் ஷூ வாங்கப் போனால் பளபளப்பைப் பார்க்காதீர்கள். தோலின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் அது குரோம், உள்ளும் புறமும் பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் பட்டை. சோல் தைத்ததா, ஒட்டியதா என்று கேளுங்கள். வாங்கியதை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள், நனைந்தால் நிழலில் காயவையுங்கள், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை எண்ணெய் காட்டுங்கள். சோல் தேய்ந்ததும் குப்பையில் போடாமல் தைப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.