வாவிக்கரைப் பிள்ளைகள் – 9: முதல் வரியில் எதைப் போடுவது?

உயர்தரப் பெறுபேறு வந்த மறுநாளே மட்டக்களப்பில் பேச்சு மாறிவிடும். அதுவரை “எத்தின ஏ?” என்று கேட்டவர்கள், “இசட் எவ்வளவு? மாவட்டத்தில எத்தினையாவது? எதப் போடப் போறாய்?” என்று கேட்கத் தொடங்குவார்கள். அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றித்தான் இந்த வாரம். இரண்டரை வருடம் இரவு பகலாகப் படித்த பிள்ளை, எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் விருப்பப் பட்டியலை ஒரு பின்னேரத்தில், ஏதோ ஒரு கொமினிகேஷன் கடையில், பின்னால் வரிசை காத்திருக்க நிரப்பிவிட்டு வருகிறது. இது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் ஒவ்வொரு கற்கைநெறிக்கும், அது நடக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவம் ஒரு குறியீடு, யாழ்ப்பாண மருத்துவம் இன்னொன்று. மாணவர் இவற்றை விருப்ப வரிசையில் அடுக்க வேண்டும். தெரிவு முதல் வரியில் தொடங்குகிறது. பாடப் புள்ளிகளைத் தரப்படுத்திக் கணித்த உங்கள் இசட் புள்ளி அதற்கு எட்டாவிட்டால் இரண்டாவது, அதுவும் எட்டாவிட்டால் மூன்றாவது. உங்கள் இசட் புள்ளி எட்டுகின்றவற்றில் எது மேலே இருக்கிறதோ, அதுவே உங்களுக்கு.

இதை விளங்கிக்கொள்ளாததால் வருகிற நட்டம் பெரிது. “கிடைக்காதத முதல்ல போட்டா மற்றதும் போயிரும்” என்று அஞ்சி, எளிதாக எட்டக்கூடியதை மேலே போட்டுவிடுகிறார்கள். எட்டுவது மேலே நின்றால், அதன் கீழே எழுதிய ஆசை அந்தத் தெரிவில் கணக்கில் வராது. எட்டாத ஒன்றை மேலே போடுவதால் கீழே உள்ள எதுவும் கெட்டுப்போவதில்லை. டேவிட் கேல், லொயிட் ஷாப்லி என்ற இரு அமெரிக்கக் கணித அறிஞர்கள் கல்லூரி அனுமதியைப் பற்றி 1962இல் எழுதிய கட்டுரை இத்தகைய ஒழுங்குகளை ஆராய்வதற்கு அடித்தளம் இட்டது. ஷாப்லிக்கு 2012இல் பொருளியல் நோபல் பரிசும் கிடைத்தது. எல்லோரையும் ஒரே புள்ளி வரிசையில் நிறுத்தித் தெரிவு செய்யும் இடத்தில், உண்மையான விருப்பத்தை அப்படியே எழுதுவதைவிடச் சிறந்த தந்திரம் கிடையாது. அச்சத்துக்கு அங்கே வேலையே இல்லை.

இலண்டனிலும் அமெரிக்காவிலும் இருக்கும் உறவினர் அன்போடுதான் ஆலோசனை சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் பார்த்த முறை வேறு. பிரித்தானியாவில் ஐந்து தெரிவுகள்தான், அவற்றுள் மருத்துவத்துக்கு நான்குக்கு மேல் போட முடியாது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே முடிவெடுக்கும். அமெரிக்காவில் ஒரே கல்லூரிக்கு முன்கூட்டி விண்ணப்பித்து, கிடைத்தால் வருவேன் என்று வாக்குக் கொடுக்கும் வழியும் உண்டு. அங்கே எங்கே முந்திப் போடுவது என்பது கணக்குப் பார்க்க வேண்டிய விசயம். அந்தக் கணக்கை நமது பட்டியலுக்குக் கொண்டுவரக் கூடாது.

அடுத்தது வெட்டுப்புள்ளி, அதாவது ஒரு கற்கைநெறிக்கு இடம் கிடைத்த கடைசி மாணவரின் இசட் புள்ளி. கொழும்பு மாவட்டத்து எண்ணைப் பார்த்து மனமுடைந்த பிள்ளைகள் இங்கே உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது மட்டக்களப்பு நிரலை. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் தீவு முழுவதற்குமான தரவரிசைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் மட்டக்களப்பும் ஒன்று. 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாணத்துக்கு ஆறாத காயமானது. அதே ஒதுக்கீடு மட்டக்களப்பு, அம்பாறை, மன்னார்ப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. இரண்டும் உண்மை, ஒன்றுக்காக மற்றதை மறைக்கத் தேவையில்லை. சில கற்கைநெறிகளுக்கு மாவட்டப் பங்கே கிடையாது என்பதையும் கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்து வெட்டுப்புள்ளியை மட்டும் நம்பாமல், மூன்று நான்கு வருடங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஏறி இறங்குவது அப்போதுதான் தெரியும்.

பட்டியலின் மேற்பகுதி ஆசைக்கு. நிதானம் வேண்டியது அடிப்பகுதியில். பயோ படித்த பிள்ளை பல இடத்து மருத்துவத்தை வரிசையாகப் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறது. அதன் கீழே பேராதனை மிருக வைத்தியம், யாழ்ப்பாணத்து மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், கிழக்கின் தாதியியல், திருகோணமலை வளாகத்துச் சித்த மருத்துவம், வந்தாறுமூலை விவசாயம் என்று நீள வேண்டாமா? உண்மையிலேயே படிக்க முடியாததைப் போட வேண்டாம். ஆனால் அயலார் வாய்க்குப் பயந்து ஒன்றையும் விட வேண்டாம். “வந்தாறுமூலையா?” என்று இழுப்பவர்களுக்குச் சொல்கிறேன்: 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமான அந்த இடம், போரின் நடுவே இந்த மாவட்டத்துக்குப் பட்டதாரிகளைத் தந்தது.

பெண் பிள்ளை என்றால் பட்டியல் பெரும்பாலும் வந்தாறுமூலையோடு முடிந்துவிடும். ஊர் தாண்டி அனுப்பப் பெற்றோருக்குப் பயம். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அதை மகளின் பட்டியலில் எழுதிவைப்பதை ஏற்க மாட்டேன். இடம் கிடைத்த பிறகு விடுதியைப் பற்றிப் பேசலாம். எழுதாத வரிக்கு இடம் கிடைக்காது.

இனி, முந்திச் செய்ய வேண்டியவை. கல்லடி சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை, நடனம், நாடகம், கட்புலக் கலை படிக்கவும், மொறட்டுவையில் கட்டடக்கலை படிக்கவும் உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதில் சித்தியடையாமல் குறியீட்டை முதல் வரியில் போட்டும் பயனில்லை. இவற்றுக்குத் தனி அறிவித்தல், தனித் திகதி. தாழங்குடா தேசிய கல்வியியற் கல்லூரியும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவகமும் தங்கள் பாட்டில் விண்ணப்பம் கோரும். கம்பஸ் முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் அந்தத் திகதிகள் போய்விடும்.

பட்டினத்துப் பாடசாலைகளில் இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களும் அண்ணன் அக்காமாரும் இருக்கிறார்கள். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வீட்டிலேயே முதலாவதாக உயர்தரம் எழுதிய பிள்ளைக்கு யார் சொல்வது? விடுமுறைக்கு ஊர் வந்திருக்கும் பல்கலைக்கழக மாணவர்களைக் கேட்கிறேன்: இந்த விண்ணப்ப காலத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். கைநூலையும் பழைய வெட்டுப்புள்ளிகளையும் எடுத்துக்கொண்டு, குருமண்வெளியில் படகுப்பாதை ஏறி மண்டூருக்கோ, மண்முனைப் பாலம் கடந்து கொக்கட்டிச்சோலைக்கோ போங்கள். ஒவ்வொரு பிள்ளையோடும் உட்கார்ந்து, முதலில் தாளில் பட்டியலை எழுதுங்கள். அதற்குப் பிறகு கொமினிகேஷன் கடைக்குப் போகலாம்.