மீன்தொட்டி நத்தையும் நெல்வயலும்

தென் அமெரிக்காவுக்குரிய பொன் அப்பிள் நத்தை, உணவுக்காகவும் மீன்தொட்டிகளுக்காகவும் பிறநாடுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1980ஆம் ஆண்டளவில் தாய்வானை அடைந்த இந்நத்தை, பின்னர் பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளிலும் நெல்லுக்குக் கொடிய பீடையாயிற்று.

அடையாளம்: இளஞ்சிவப்பு முட்டைக்கொத்துகள் நீர்மட்டத்துக்கு மேலே தண்டுகளில் ஒட்டியிருக்கும். நம் நாட்டு நன்னீர் நத்தையோ வெண்ணிற முட்டைகளை ஈரமண்ணிலேயே இடும்.

சேதம்: இளநாற்றுகளின் அடித்தண்டை நீருக்குள்ளேயே அறுத்துத் தின்னும், வயலில் வெறுமையான இடங்கள் தோன்றும். முதிர்ந்த பயிருக்குச் சேதம் குறைவு.

தடுப்பு: மடைவாயிலில் கம்பிவலை இடுதல் வேண்டும். காலையிலும் மாலையிலும் நத்தைகளைப் பொறுக்கி அழித்து, முட்டைகளை நசுக்குதல் நன்று. நாற்று இளமையாயிருக்கையில் நீரை வடித்துவிட்டால் நத்தை ஊர்ந்து மேய இயலாது. நடுகைக்கு முதிர்ந்த நாற்றுகளே ஏற்றவை.

மீன்தொட்டி நத்தைகளைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஒருபோதும் விடலாகாது. இளஞ்சிவப்பு முட்டைகளைக் காணும் கமக்காரர், விவசாயப் போதனாசிரியருக்கு உடன் அறிவித்தல் வேண்டும்.