படிவுப் பாறை அலகுகளுக்குப் பெயரிடல்

படிவுப் பாறைகளை அவற்றின் பாறைத் தன்மையைக் கொண்டு பிரித்துப் பெயரிடும் துறை பாறை அடுக்கியல் எனப்படும். மணற்கல்லா, களிக்கல்லா, சுண்ணாம்புக்கல்லா என்பதே பிரிப்பதற்கு அடிப்படை, வயது அன்று. மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இதுவே.

இதன் அடிப்படை அலகு 'உருவாக்கம்'. மேலும் கீழும் உள்ள பாறைகளிலிருந்து வேறுபடுத்தி அறியவும், நிலப்படத்தில் எல்லை வரைந்து காட்டவும் முடிந்தால் அது ஓர் உருவாக்கம். தடிமனுக்கு வரம்பில்லை. உருவாக்கத்தின் ஒரு பகுதி 'உறுப்பு'. அதனினும் சிறியது 'அடுக்கு'. தொடர்புடைய உருவாக்கங்கள் சேர்ந்தது 'குழுமம்'.

பாறை நன்கு வெளிப்பட்டுள்ள இடத்தின் பெயரையே அலகுக்குச் சூட்டுவர். அங்குள்ள மாதிரி வெட்டுமுகத்தோடு ஒப்பிட்டே பிற இடங்களில் அதே அலகை அடையாளம் காண்பர்.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு அரியலூர்ப் பகுதி. 1860-களில் வெளியான தம் ஆய்வில் எச். எஃப். பிளான்ஃபோர்டு அங்குள்ள கடற்படிவுகளைக் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்றாகப் பிரித்தார். (திருச்சி மலைக்கோட்டைப் பாறைக்கும் இந்தக் குழுமத்துக்கும் தொடர்பில்லை, அது படிவுப் பாறையே அன்று.) பின்வந்தோர் அரியலூர்க் குழுமத்தைச் சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு என்னும் உருவாக்கங்களாகப் பகுத்தனர். இவற்றுள் கல்லங்குறிச்சி சிப்பிகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். சிமெண்ட் ஆலைகளுக்காக வெட்டப்படுவது. கல்லமேட்டில் தொன்மா எலும்புகள் கிடைத்துள்ளன.

கல்லங்குறிச்சி உருவாக்கம் மாஸ்ட்ரிக்டியன் காலத்தது என்று நூல்களில் காணலாம். மாஸ்ட்ரிக்ட் என்பதும் நெதர்லாந்தில் உள்ள ஓர் ஊர்தான். இரண்டும் ஊர்ப்பெயராக இருப்பதால் குழப்பம் வருகிறது. முன்னது பாறையின் பெயர். பின்னது உலகெங்கும் பொதுவான காலப் பகுதியின் பெயர். கடல் நிலத்தின் மீது மெல்ல ஏறும்போது கரையோர மணலும் உள்நோக்கி நகர்ந்தபடியே படியும். ஆகவே ஒரே மணற்கல் உருவாக்கம் கடற்பக்கம் மூத்ததாகவும் நிலப்பக்கம் இளையதாகவும் இருக்கக்கூடும். பெயர் ஒன்று என்பதால் வயதும் ஒன்று எனக் கொள்ள முடியாது.

ஊரின் பெயர் மாறினாலும் அலகின் பெயரை மாற்றுவதில்லை. மாற்றினால் பழைய ஆய்வுகளைத் தேடி இணைப்பது கடினம். ஊட்டத்தூர்க் குழுமத்தில் டால்மியாபுரம் உருவாக்கம் என ஒன்று உண்டு. அவ்வூரின் பெயரைக் கல்லக்குடி என மாற்றக் கோரி 1953-இல் நடந்த போராட்டம் தமிழர் அறிந்ததே. பாறையியலாளருக்கு அந்தச் சுண்ணாம்புக்கல் இன்றும் டால்மியாபுரம் உருவாக்கம்தான்.