உருத்திராக்க மணியும் அதன் தேச பேதங்களும்

சைவ சமயத்தின் புறச்சின்னங்களுள் திருநீற்றுக்கு அடுத்து வைத்து எண்ணப்படுவது உருத்திராக்கம். கண்டி, கண்டிகை, அக்கமணி என்பன அதன் பிற பெயர்கள். கல்வளைப் பிள்ளையார் கோயிலையும் சீரணி நாகபூஷணி அம்மன் கோயிலையும் தன்னகத்தே கொண்ட சண்டிலிப்பாயிலே, விழாக்காலத்தில் வீதியில் நிற்கும் அடியவரின் கழுத்தை உற்று நோக்குவார்க்கு ஒரு வேறுபாடு புலனாகும். ஒருவர் அணிந்த மணி நெல்லிக்கனியளவு பருத்து, ஆழ்ந்த கோடுகளும் கரடுமுரடான மேற்பரப்பும் உடையதாய் இருக்கும். மற்றொருவர் அணிந்தது கடலையளவினதாய், கோடுகள் ஆழமின்றி, தொடுதற்கு மென்மையாய் இருக்கும். முன்னதை நேபாள மணி என்றும் பின்னதை யாவா மணி என்றும் வணிகர் வழங்குவர்; முன்னதற்கு விலையும் மிகுதியாகக் கூறுவர்.

இவ்விரண்டனுள் மெய்யான உருத்திராக்கம் எது? ஒன்று உயர்ந்ததும் மற்றையது தாழ்ந்ததுமாமோ? இவ்வினா வெறும் ஆராய்ச்சி வினா அன்று. முற்காலத்தில் உருத்திராக்கமாலை பெரும்பாலும் தீட்சை பெற்ற மூதாதையரிடமிருந்து வழிவழியாக வந்தது. அன்றேல் சிதம்பரம், இராமேச்சுரம், காசி முதலிய தலங்களுக்கு யாத்திரை சென்றோர் கொண்டுவந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தபோது, வீட்டுப் பெட்டகங்களில் இருந்த இத்தகைய பொருள்கள் பல கைவிடப்பட்டன. இழந்த மாலைக்கு ஈடாக இன்று கடையிலே மாலை வாங்கும் குடும்பத்தினர், மணியின் இயல்பை அறியாராயின், பொருளையும் இழப்பர். தம்மிடம் எஞ்சியுள்ள முன்னோர் மணியையும் இழிந்ததென எண்ணி ஒதுக்குவர்.

மரத்தின் இயல்பு

உருத்திராக்கம் ஒரு பெருமரத்தின் கனியினுள் இருக்கும் கொட்டையாகும். தாவர நூலார் அம்மரத்தை எலயோகார்ப்பஸ் கானிட்ரஸ் என வழங்கினர். இன்று எலயோகார்ப்பஸ் அங்குஸ்டிபோலியஸ் என்ற பெயரே பெரிதும் ஆளப்படுகிறது. இமயமலையின் அடிவாரம், நேபாளம், அசாம், மலாயா, சுமாத்திரா, யாவா, நியூகினி, அவுஸ்திரேலியாவின் கீழ்ப்பகுதி என அதன் நிலப்பரப்பு மிக அகன்றது. கனி பளபளக்கும் நீல நிறமுடையது. அந்நீலம் சாயப்பொருளால் விளைவதன்று; தோலின் நுண்ணமைப்பில் ஒளி படுவதனால் தோன்றுவது. கனியை நீரில் ஊறவைத்துச் சதையைக் களைந்தபின் வெளிப்படும் கொட்டையே மணியாகிறது.

மணியின் மேலே உச்சியிலிருந்து அடிவரை ஓடும் கோடுகளைக் கொண்டே முகம் எண்ணப்படுகிறது. கோடுகள் எத்தனையோ உள்ளறைகளும் அத்தனை. இதனை விளங்குதற்கு யாழ்ப்பாணத்தவர் வேற்று நாட்டு உவமை தேட வேண்டியதில்லை. பனம்பழம் பெரும்பாலும் மூன்று கொட்டை உடையதாயினும், இரண்டு கொட்டைப் பழமும் ஒற்றைக் கொட்டைப் பழமும் இடையிடையே காணப்படுவது எவரும் அறிந்ததே. அவ்வாறே உருத்திராக்கமும் இயல்பாக ஐந்து அறை உடையது. அறைகள் குறைந்தோ மிகுந்தோ அமையும் கனிகள் அருமையாக உண்டாகும். ஒரே மரத்தின் கனிகளிலேயே முக எண் வேறுபடலாம். ஆதலின் முக பேதம் வேறு; தேச பேதம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே மயக்கத்துக்கு முதற்காரணம்.

நேபாள மணி

நேபாளத்தின் கீழ்ப்பகுதியிலே அருண் ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சார்ந்த போஜ்பூர், சங்குவாசபா முதலிய மாவட்டங்கள் இம்மணிக்குப் பெயர்பெற்றவை. அங்கு விளையும் மணி பெரும்பாலும் 15 முதல் 25 மில்லிமீற்றர் வரை குறுக்களவு உடையது, கோடுகள் ஆழ்ந்தவை, அதனால் முகத்தை எண்ணுதல் எளிது. கழுத்திலே தனிமணியாக அணிதற்கும், ஒருசில மணிகளைப் பொன்னிலோ வெள்ளியிலோ கட்டுதற்கும் இதனையே பலர் விரும்புவர். ஆனால் 108 மணி கோத்த மாலையாயின் பருமனும் பாரமும் மிகும்.

யாவா மணி

யாவாவிலே இம்மரத்தின் பெயர் கனித்திரி அல்லது சனித்திரி. செபமாலையைக் குறிக்கும் கணித்திரி என்னும் வடசொல்லே அங்ஙனம் திரிந்தது. தாவர நூலார் வழங்கிய கானிட்ரஸ் என்பதும் அச்சொல்லின் வழியதே. அங்கு விளையும் மணி பெரும்பாலும் 5 முதல் 12 மில்லிமீற்றர் வரையினது. இந்தியச் சந்தைகளிலே விற்கப்படும் சிறுமணிகளிற் பெரும்பகுதி அந்நாட்டிலிருந்து வருவதே. அளவொத்த மணிகள் ஏராளமாகக் கிடைத்தலாலும், விரலிடையே இலகுவாக உருளுதலாலும் செபமாலைக்கு இது மிகப் பொருந்தும்.

சாவகம் எனப் பழந்தமிழ் நூல்கள் கூறும் அந்நாட்டில் இம்மணி வணிகப் பொருளாக மட்டும் இருந்ததில்லை. பிரம்பனான் என்னுமிடத்தில் 9ஆம் நூற்றாண்டில் எழுந்த பெருங்கோயிலின் சிவபிரான் திருவுருவம் கையிலே அக்கமாலை ஏந்தி நிற்கின்றது. பாலித் தீவின் சைவக் குருமார் இன்றும் தம் வழிபாட்டிலே கனித்திரி மாலையைக் கைக்கொள்கின்றனர். ஆகவே யாவா மணியைச் சைவத்துக்கு அயலானது என்று தள்ளுதல் வரலாற்றுக்கு மாறாகும்.

தென்னாட்டு மணியும் ஈழத்து உறவும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலே இதே இனத்தைச் சார்ந்த வேறொரு மரம் உண்டு. அதன் கொட்டை பெரும்பாலும் இரண்டு முகம் உடையதாய்ச் சற்றுத் தட்டையாக இருக்கும். அதனைப் பத்திராக்கம் என்பர். அது போலிப் பொருளன்று. எனினும் உருத்திராக்கத்தின் வேறானது என்பதை அறிந்து வாங்குதல் முறை.

ஈழத்தின் ஈரவலயத்தில் வளரும் வெரளி மரமும் இவ்வினத்ததே. உப்பும் மிளகாய்த்தூளும் சேர்த்து உண்ணப்படும் வெரளிக்காயின் கொட்டை நீண்டு கூர்மையானது. அது மாலைக்குக் கொள்ளப்படுவதில்லை. சிவபுராணத்து வித்தியேசுவர சங்கிதை உருத்திராக்கம் விளையும் இடங்களைக் கூறுமிடத்து, கௌடம், மதுரா, அயோத்தி, மலயம், சஃகியம், காசி ஆகியவற்றோடு இலங்கையையும் சேர்த்து எண்ணுகின்றது. ஓரிடத்துக்கே உரியதென அந்நூல் கருதவில்லை என்பது இங்கு கருதத்தக்கது.

நூல்கள் கூறும் தரம்

உருத்திராக்க சாபால உபநிடதம் நெல்லிக்கனியளவு மணியை உத்தமம் என்றும், இலந்தைக்கனியளவினதை மத்திமம் என்றும், கடலையளவினதை அதமம் என்றும் வகுக்கின்றது. இதனைக் கொண்டே நேபாள மணி உயர்ந்ததென வாதிப்பர். ஆயின் சிவபுராணமோ நெல்லிக்கனியளவைச் சிறப்பித்துக் கூறியபின், மணி சிறிதாகுந்தோறும் பயன் பெரிதாகும் என்றும் உரைக்கின்றது. இவ்விரண்டையும் ஒருங்கு நோக்கின், அளவொன்றையே கொண்டு ஏற்றத்தாழ்வு கற்பித்தல் பொருந்தாதென்பது தெளிவாம். இரு நூலும் ஒருமுகமாக வலியுறுத்துவன வேறு: புழு அரித்ததும், உடைந்ததும், முட்கள் இல்லாததும் விலக்கத்தக்கன; இயல்பாகவே துளை அமைந்தது சிறந்தது.

யாழ்ப்பாணத்துச் சைவ ஒழுக்கத்துக்கு வரம்பு வகுத்த ஆறுமுக நாவலர் (1822–1879) தமது சைவவினாவிடை இரண்டாம் புத்தகத்திலே உருத்திராக்கத்துக்கெனத் தனி இயல் அமைத்தார். இல்வாழ்வானுக்கு 27 மணியும் துறவிக்கு 25 மணியும் கொண்ட செபமாலையை அவர் விதித்தார். அணிவோனின் ஒழுக்கமே அங்கு முதன்மை பெறுகின்றது.

போலியும் சோதனையும்

அருமையானதற்கு விலை ஏறும்; விலை ஏறியதற்குப் போலி தோன்றும். ஐந்து முகமணி எங்கும் எளிதிற் கிடைப்பதாதலின் அதிலே வஞ்சனை குறைவு. ஒரு முகம், பதினான்கு முகம் என்பனவற்றிலேயே வஞ்சனை மிகுதி. கோடு இல்லாவிடத்துக் கோடு செதுக்குதலும், இரு மணிகளைப் பசையால் ஒட்டுதலும், இலந்தைக் கொட்டையையும் வார்ப்புப் பொருளையும் மணியென விற்றலும் வழக்கில் உள்ளன.

நீரில் இட்டால் மெய்ம்மணி மூழ்கும், பொய்ம்மணி மிதக்கும் என்பது பரவலான நம்பிக்கை. அது பிழை. நன்கு உலர்ந்த மெய்ம்மணி மிதத்தலும் உண்டு. ஈயம் புகுத்திய பொய்ம்மணி மூழ்குதலும் உண்டு. இரண்டு செப்புக் காசுகளுக்கு இடையே மணி தானே சுழலும் என்பதும் சோதனையாகாது. ஒழுங்கற்ற உருவுடைய எப்பொருளும் அழுத்தத்தால் அவ்வாறு திரும்பும். கோடு இடையறாது உச்சிமுதல் அடிவரை செல்கின்றதா எனக் கண்ணாடி கொண்டு நோக்குதலும், விலை மிகுந்த மணியாயின் எக்ஸ் கதிர்ப் படத்தால் உள்ளறைகளை எண்ணுதலுமே தக்க வழிகள்.

மரம் நிலம் மாறினும் மணி மாறாது என்பதற்கு அண்மைக்காலச் சான்றொன்று உண்டு. 1949ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையிலே யோகர் சுவாமிகளிடம் அருள் பெற்ற அமெரிக்கராகிய சிவாய சுப்பிரமுனிய சுவாமிகள் (1927–2001), ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயிலே ஆதீனம் நிறுவி, அங்கு உருத்திராக்கச் சோலையும் வளர்த்தார். இமயத்துக்கும் யாவாவுக்கும் அப்பால், பசிபிக் சமுத்திரத்தின் நடுவே அம்மரம் இன்று காய்க்கின்றது.

ஆகவே நேபாள மணி, யாவா மணி என்பன மண்ணாலும் காலநிலையாலும் அமைந்த அளவு வேறுபாடுகளேயன்றி, மெய் பொய் என்னும் வேறுபாடுகள் அல்ல. பேரனுக்குப் பாட்டனார் விட்டுச்சென்றது கடலையளவான ஐந்து முகமணியே ஆயினும், அது புழு அரியாது உடையாது இருப்பின், கடையிலுள்ள எப்பெருமணிக்கும் குறைந்ததன்று. அம்மாலையின் கயிற்றைப் புதுக்கி அணிந்துகொள்ளுதலே அவனுக்கு அமைவுடைத்து.